மேவிஸ் அனுப்பிய கேசட்டுகள்

மேவிஸ் ஹார்கிரேவின் வீட்டுத் தொலைக்காட்சியில் முதன்முதலாக எழுத்து வந்தபோது, திரையில் ஒரு பெண்மணி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். படத்துக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை. அதில் வெள்ளை எழுத்து. "சர்க்கரை போடவா?" எதிரே உட்கார்ந்திருந்தவனின் உதடு அசைந்தது. "வேண்டாம், டாக்டர் கூடாதுன்னுட்டார்."

மேவிஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவள் கணவர் கிளாரியின் கையிலிருந்த ரொட்டித் துண்டு வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. நான் சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேரும் அந்தச் சர்க்கரை விவகாரத்தை ஏதோ கொலை வழக்கு மாதிரி கண்கொட்டாமல் பார்த்தோம்.

கொஞ்ச நேரம் போனதும் மேவிஸ் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவுதானா? காதுக்காரங்க இத்தனை வருஷமா பேசிக்கிட்டிருந்தது இதைத்தானா? சர்க்கரை போடவா, மழை வருமா, பஸ் போயிடுச்சா... நான் என்னமோ பெரிய ரகசியம்னுல்ல நெனச்சிருந்தேன்!"

கிளாரி சிரித்த சிரிப்பில் ரொட்டித் தூள் தரையெல்லாம் கொட்டியது. மேவிஸும் சிரித்தாள். சிரிக்கும்போதே கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை; துடைத்தால் ஒரு வரி தவறிப்போய்விடுமே.

நாங்கள் மூவருமே காது கேளாதவர்கள். எங்கள் பேச்சு கையில் இருக்கிறது. நான் இங்கே எழுதுகிற பேச்சில் பெரும்பகுதி கைகளால் பேசியது. வாயால் பேசியதுபோல எழுதுகிறேன், அவ்வளவுதான். காது கேட்கிறவர்களுக்கு எங்களுக்குள் ஒரு பெயர் உண்டு. காதுக்காரர்கள்.

மேவிஸும் நானும் சிட்னிக்கு மேற்கே கிரான்வில்லில் ஒரு மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தோம். அத்தனை மெஷினும் ஓடுகிற அந்தக் கூடத்தில் காதுக்காரிகள் ஒருத்திக்கொருத்தி கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்வார்கள். நாங்கள் நூல் மாற்றுகிற இடைவெளியில் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்திருப்போம். மேலாளர் எங்களைத்தான் வாயே திறக்காத நல்ல வேலைக்காரிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சலில் மேவிஸுக்குக் காது போனது. வீட்டில் அவள் ஒருத்திதான் கேளாதவள். இரவுச் சாப்பாட்டு மேசையில் அப்பா ஏதோ சொல்வார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவள் அக்கா தெல்மாவின் சட்டையைப் பிடித்து இழுப்பாள். தெல்மா உதட்டை நன்றாக அசைத்து, "அப்புறம் சொல்றேன்" என்பாள். அந்த அப்புறம் வரவே வராது. நினைவு வைத்துக்கொண்டு பிறகு போய்க் கேட்டால், "அது ஒண்ணுமில்ல, மறந்துபோச்சு" என்று பதில் வரும். எங்களில் யாரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள். அக்காவின் பெயர் மட்டும் மாறும்.

தொலைக்காட்சி வந்தபோதும் அதுவேதான். குத்துச்சண்டை, டென்னிஸ், கிரிக்கெட் எல்லாம் எங்களுக்கும் சொந்தம். நாடகம் என்றால் கதையை நாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே தொடரைப் பார்த்துவிட்டு, அவன் அவளுடைய அண்ணன் என்று கிளாரி சாதிப்பார். "அண்ணன் எங்கயாவது தங்கச்சிய அப்படிப் பார்ப்பானா? அவன் கள்ளப் புருஷன்!" என்று மேவிஸ் அடித்துச் சொல்வாள். தொடர் முடிந்து பல வருஷம் ஆன பிறகும் அந்த வழக்குத் தீரவில்லை.

எண்பதுகளில்தான் சில நிகழ்ச்சிகளுக்கு வசனத்தை எழுத்தாக அனுப்பத் தொடங்கினார்கள். படத்தோடு சேர்ந்து அது மறைவாக வரும். அதற்கென்று செய்த தொலைக்காட்சியில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் தெரியும். எங்கள் வட்டாரத்தில் அந்தத் தொலைக்காட்சியை முதலில் வாங்கியவர்கள் மேவிஸும் கிளாரியும்தான். கிளாரி ஒரு நாளிதழில் அச்சுக்கோப்பாளர். திரையில் எழுத்துப் பிழை வந்தால் முதலில் கண்டுபிடிப்பதும் அவர்தான், அடுத்த வரியைத் தவறவிடுவதும் அவர்தான்.

சனிக்கிழமைகளில் எங்கள் மன்றத்தில் கூடுவோம். பழைய மாதா கோயில் கூடம் ஒன்று, மரத்தரை. யாரையாவது கூப்பிட வேண்டுமானால் தரையைக் காலால் தட்டுவோம், அதிர்வு போய்ச் சேர்ந்துவிடும். எல்லாரையும் கூப்பிட விளக்கை அணைத்து அணைத்துப் போடுவோம். எழுத்து வந்த பிறகு, சனிக்கிழமை தேநீர் முடிந்ததும் மேவிஸ் நடுவில் நின்று, அந்த வாரம் பார்த்த படத்தை முழுவதும் கையால் சொல்லுவாள். கிழவன், போலீஸ்காரன், குதிரை எல்லாம் அவளே. கூட்டம் அசையாமல் நிற்கும்.

மெர்வின் என்று ஒருவர் எங்கள் மன்றத்தில். தச்சர். எதையும் சந்தேகப்படாமல் விடமாட்டார்.

"ஏம்மா மேவிஸ், நீ சொல்றது படத்துல வந்ததா, உன் மண்டையில வந்ததா?"

"அப்படியே எழுத்துல வந்ததய்யா!"

"நீ சொல்ற ஜோக்கெல்லாம் உன் ஜோக் மாதிரியே இருக்கே. அதான் கேட்டேன்."

மேவிஸுக்குச் சுருக்கென்றது. "கேசட்டுல பிடிச்சுக் கொண்டாந்து போடறேன். உன் ரெண்டு கண்ணாலயும் பாரு. அப்ப நீ எந்தக் கையால பேசறேன்னு பாக்கறேன்."

அப்படித்தான் வீடியோ டெக் வாங்கினாள். ஒரு நகைச்சுவைப் படம் எழுத்தோடு வருகிற நாள் பார்த்து, விளம்பரம் வரும்போதெல்லாம் நிறுத்திப் பதிவு செய்தாள். பதிவாகும்போது திரையில் எழுத்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் போட்டுப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை மன்றத்தில் நிற்க இடமில்லை. புதுத் தொலைக்காட்சியை கிளாரியும் மெர்வினும் வேனில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நான் சமையலறையில் தொத்திறைச்சி ரோல்களைச் சூடுபண்ணிவிட்டு ஓடிவந்தேன். மேவிஸ் கேசட்டைப் போட்டாள். படம் வந்தது. ஆட்கள் வந்தார்கள், வாயை அசைத்தார்கள், போனார்கள். எழுத்து மட்டும் வரவில்லை.

பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கேசட்டை எடுத்து ஊதிவிட்டுப் போட்டாள். ஒரு வரிகூட இல்லை. பின்வரிசையில் கைகள் மெல்ல அசையத் தொடங்கின. எங்கள் கூட்டத்தில் முணுமுணுப்பு என்பது அதுதான்.

மெர்வின் மட்டும் எல்லாரும் பார்க்கும்படி சொன்னார். "பரவாயில்ல மேவிஸ். கனவு எல்லாருக்கும் வரும்."

நல்ல மனுஷன்தான். ஆனால் அன்றைக்கு அந்த ரோல் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். மேவிஸ் கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்து வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் முழுவதும் அவள் மெஷினில் குனிந்த தலை நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை என் தோளைத் தட்டினாள்.

"மெர்வின் சொன்னது எனக்கு வலிக்கலடி. பின்வரிசையில ஒரு வயசான அம்மா உக்காந்திருந்தாங்க பாத்தியா? மூக்குக்கண்ணாடியத் துடைச்சு மாட்டிக்கிட்டுக் கடைசி வரைக்கும் அடியிலயே பார்த்துக்கிட்டிருந்தாங்க. எழுத்து இப்ப வரும், இப்ப வரும்னு. அதுதான் தாங்கல."

ரயிலடிக்கு எதிரே ஜாமிட் என்பவர் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். மால்டாவிலிருந்து வந்தவர். மேவிஸுக்குக் குரல் உண்டு. கொஞ்சம் கரகரவென்று வரும் என்று சொல்வார்கள். பிறர் சொல்வதை உதடு பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆனால் ஜாமிட்டின் மீசை மேலுதட்டை முழுவதும் மூடியிருந்தது. அவர் பேசுவது, வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஆகவே எழுதிக் காட்டித்தான் பேச்சு நடந்தது.

முடியாது என்று முதலில் எழுதினார் ஜாமிட். டெக் படத்தையும் சத்தத்தையும்தான் பிடிக்கும், மறைந்து வருகிற எழுத்தைப் பிடிக்கிற சக்தி அதற்கில்லை என்றார்.

மேவிஸ் நகரவில்லை. "அப்ப திரையில அந்த எழுத்தை எழுதறது யார்?" என்று வாயால் கேட்டாள்.

"தொலைக்காட்சிதான். உள்ளே அதுக்குன்னு ஒரு பாகம் இருக்கு. வந்த செய்தியைப் படிச்சு, படத்து மேல எழுத்தா எழுதுது."

"டெக்குக்குப் போறதுக்கு முன்னாடியே எழுதிட்டா?"

ஜாமிட் பேனாவைக் கீழே வைத்தார். மீசையைத் தடவினார். பிறகு கடையின் பின்பக்கம் போய்த் தூசி தட்டிய ஒரு பழைய விலைப்பட்டியல் புத்தகத்தோடு திரும்பி வந்தார். அதில் ஒரு பெட்டியின் படம். பழைய தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் எழுத்துப் பார்ப்பதற்காகத் தனியாக விற்ற பெட்டி அது. யாரும் அதிகம் வாங்கவில்லை. ஆன்டெனாவை முதலில் இந்தப் பெட்டியில் செருகினால், அது எழுத்தைப் படத்தின் மேலேயே எழுதி வெளியே விடும். அதை டெக்குக்குக் கொடுத்தால், டெக்குக்கு அது எழுத்து என்றே தெரியாது. படத்தின் பகுதி என்று நினைத்துப் பதிவு செய்துவிடும்.

பெட்டி கிடைக்க நாளானது. கிடைத்த பெட்டியும் மேவிஸின் டெக்கும் ஒத்துப்போகவில்லை. படம் உருண்டுகொண்டே இருந்தது. ஜாமிட்டுக்கும் வெறி பிடித்துவிட்டது. வேலை முடிந்து மேவிஸ் போவாள், இருவரும் கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் அவள் போனபோது கடையில் யாரோ புது ஆள் நிற்பதுபோல இருந்தது. ஜாமிட்தான். மீசையைச் சுத்தமாக மழித்திருந்தார்.

"ஒவ்வொரு வார்த்தைக்கும் பேனா தேட முடியல" என்றார் அவர். முதல் தடவையாக அவர் உதடு தெரிந்தது. "என் மனைவிதான் பேசமாட்டேங்கறா. கல்யாணத்துக்கு முன்னாடியே வச்ச மீசையாம்."

"உங்களுக்கு இவ்வளவு அழகான வாயா?" என்றாள் மேவிஸ். "இதைப் போய் மூடி வச்சிருந்தீங்களே!"

அன்று பேனா இல்லாமல் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். படம் உருளுவது நின்றது. கேசட்டைத் திருப்பிப் போட்டபோது எழுத்து வந்தது. அணைக்க முடியாத எழுத்து. எந்த டெக்கில் போட்டாலும், எந்தப் பழைய தொலைக்காட்சியில் போட்டாலும் அப்படியே வரும்.

இரண்டாம் தடவை மன்றத்துக்குக் கேசட் கொண்டுபோகும்போது மேவிஸ் யாரிடமும் பெருமை பேசவில்லை. வீட்டில் இருமுறை போட்டுப் பார்த்திருந்தாள். கூட்டம் போனமுறையைவிடக் குறைவு. மெர்வின் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கைகட்டி உட்கார்ந்தால் எங்கள் வழக்கில் வாயை மூடிக்கொண்டதாக அர்த்தம். மரியாதைக்குத்தான் அப்படி உட்கார்ந்தார் என்று பிறகு சொன்னார்.

முதல் தடவை எழுத்தில்லாமல் போட்ட அதே படம்தான், மறு ஒளிபரப்பில் பிடித்தது. ஒரு ஆட்டுத் திருடனைப் பற்றியது. திருடிய ஆட்டோடு அவன் போலீஸ்காரரிடமே வழி கேட்கிறான். போலீஸ்காரர் ஆட்டைப் பார்த்து, "இது யாரு?" என்கிறார். திருடன் சொல்கிறான்: "மாமியார்ங்க. வெயில் ஆகாது அவங்களுக்கு."

எழுத்து வந்ததும் கூடம் முழுவதும் ஒரே நேரத்தில் சிரித்தது.

இதைக் காதுக்காரர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் சிரிக்காதவர்கள் அல்ல. மன்றத்தில் எப்போதும் சிரிப்புத்தான். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து, ஒரே வசனத்துக்கு, அது சொல்லப்பட்ட அதே நொடியில், எல்லாரும் சேர்ந்து சிரித்தது எங்கள் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. மரத்தரை அதிர்ந்தது. அத்தனை பேரும் காலால் தரையை உதைத்தார்கள். என் நாற்காலி வழியாக முதுகெலும்பு வரை அந்தச் சிரிப்பு ஏறியது. பின்வரிசைக் கிழவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்த முறை கண்ணீரால் மங்கியிருந்ததால்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் மெர்வின் எழுந்தார். எல்லாரும் பார்க்கும்படி கையை உயர்த்தினார்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். மேவிஸோட ஜோக்கு இவ்வளவு நல்லா இருக்காது."

இதற்குப் பிறகு கேசட்டுகள் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தன. சிட்னியில் வருகிற எழுத்து தூரத்துச் சிற்றூர்களில் வராது. அங்கே வேறு நிலையங்கள். அவை நிகழ்ச்சியை வாங்கி ஒளிபரப்பும்போது எழுத்து வழியிலேயே விழுந்துவிடும். மேவிஸின் பள்ளித்தோழி ஆட்ரி, விர்ரபில்லா என்ற கோதுமை ஊரில் தன் கணவர் லெஸ்ஸோடு இருந்தாள். இருவரும் கேளாதவர்கள், அந்த ஊரிலேயே அவர்கள் இரண்டு பேர்தான். பள்ளியில் கையால் பேசினால் தண்டனை என்றிருந்த காலத்தில், ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்புகிற நேரத்துக்குள் மேவிஸுக்குக் கணக்குக்கு விடை சொல்லிக்கொடுத்தவள் ஆட்ரி. முதல் கேசட் அவளுக்குத்தான் போனது.

அது ஒரு துப்பறியும் படம். பதில் ஒரு தபால் அட்டையில் வந்தது, அட்டை முழுவதும் பெரிய எழுத்தில் ஒரே வரி: "கொலைகாரன் யாருடி, பாவி?"

விளம்பரத்துக்காக நிறுத்தியவள், திரும்ப ஓட்டுவதற்குக் கொஞ்சம் தாமதித்திருக்கிறாள். துப்பறிவாளர் எல்லாரையும் வரவேற்பறைக்குக் கூப்பிடுகிறார். அடுத்த காட்சியில் போலீஸ் வண்டி போகிறது. கொலைகாரன் சோப்பு விளம்பரத்தோடு போய்விட்டான். மேவிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "தோட்டக்காரன்டி" என்று அவளும் அட்டையில் எழுதிப் போட்டாள். அந்த ஊர்த் தபால்காரர் இரண்டு அட்டைகளையும் படித்துவிட்டு, லெஸ் வீட்டுப் பக்கம் சில நாள் சைக்கிளில் பயந்து பயந்து போனதாகக் கேள்வி.

ஆட்ரி பார்த்து முடித்ததும் கேசட் அடுத்த ஊருக்குப் போகும், அங்கிருந்து அடுத்தது. ஆடு மேய்க்கிறவர்கள், ரொட்டிக் கடைக்காரர், ஒரு செருப்புத் தைப்பவர் என்று ஊருக்கு ஒருவர் இருவராக எங்கள் ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள். மேவிஸின் பெயர் அவர்கள் எல்லாருடைய கையிலும் ஏறியது. அவளுக்கு ஒரு புதுப் பெயர்ச் சைகை வைத்தார்கள்: ஆள்காட்டி விரலால் மார்புக்குக் கீழே ஒரு கோடு. படத்துக்கு அடியில் ஓடுகிற எழுத்து.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தெல்மா குடும்பத்தோடு மேவிஸ் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சி கெட்டுப்போயிருந்தது. அன்று பெரிய தொடர் ஒன்றின் கடைசிப் பகுதி. நானும் இருந்தேன். நீதிமன்றக் காட்சி, நீதிபதி தீர்ப்புச் சொல்ல வாய் திறக்கிற நேரம், வானம் கறுத்து ஆலங்கட்டி மழை கொட்ட ஆரம்பித்தது. தகரக் கூரை. எங்களுக்குத் தரையில்தான் அதிர்வு வந்தது. தெல்மாவும் அவள் கணவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். தொலைக்காட்சிக்குள் தலையை விடாத குறை. சத்தத்தை முழுவதும் ஏற்றியும் பயனில்லை. எழுத்தைப் படிக்கலாம் என்றால் இருவருடைய கண்ணாடியும் காரில், மழை விடவில்லை.

கிளாரி, "அட!" என்று தொடையில் தட்டினார். மேவிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

தெல்மா தங்கையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்ன சொன்னார்? மேவிஸ், நீதிபதி என்ன சொன்னார்?"

மேவிஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். உதட்டை நன்றாக அசைத்து, நிதானமாகச் சொன்னாள்.

"அப்புறம் சொல்றேன்."

தெல்மாவின் முகம் மாறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுவதும் இருந்தது. அவள் சட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.

மேவிஸ் அதை நீட்டவில்லை. அக்காவின் கையைத் தன் பக்கம் இழுத்து, "விடுதலைன்னுட்டார். அவ அம்மா மயங்கி விழுந்துட்டா. இப்ப வக்கீல் ஓடறார், பாரு" என்று கடைசி வரை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போனாள். தெல்மா திரையைப் பார்க்கவில்லை. தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுவருஷம் பிறந்ததும் தெல்மா எங்கள் மன்றத்தில் சைகை வகுப்பில் சேர்ந்தாள். கை அவளுக்குச் சரியாக வரவில்லை. 'உப்பு' என்று கேட்கப்போய்க் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, நாங்கள் சிரித்ததும் அவளும் சிரித்தாள்.

கேசட் அனுப்புவது ஒரு பக்கம் நடந்தாலும், ஆட்ரிக்கு அது போதவில்லை. "எல்லாரும் பார்த்து முடிச்சு, மறந்தப்புறம் நான் பார்க்கறேன்" என்று எழுதினாள். "ஊர்ல எல்லாரும் கடைல பேசறப்ப எனக்கும் பேசணும்." தங்கள் வட்டார நிலையத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அதன் மேலாளர் பெல்லிங் என்ற இளைஞர். நல்லவர்தான், உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, இங்கே இது வேண்டியவர்கள் நீங்கள் இரண்டு பேர்தானே, அதற்காக இயந்திரம் வைப்பது கஷ்டம் என்று எழுதிக் காட்டினாராம்.

மேவிஸ் அதைப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு ஆட்ரிக்கு எழுதினாள்: ஊர்க் கூடத்தில் ஒரு படம் போடலாம். காட்டுத்தீ அணைக்கும் படைக்கு நன்கொடை என்று சொல். ஊரே வரும். பெல்லிங்கையும் கூப்பிடு.

ஊரே வந்தது. ஆண்கள் சுத்தமான சட்டையில், பெண்கள் லாமிங்டன் கேக் தட்டுகளோடு. பெல்லிங் முன்வரிசையில். திரைக்குப் பக்கத்தில் டெக்கோடு கிளாரி உட்கார்ந்திருந்தார். அதே ஆட்டுத் திருடன் படம்தான். ஆனால் முதல் பாதிக்கு, எழுத்தில்லாத பழைய கேசட்டைப் போட்டார். சத்தத்தையும் முழுவதும் குறைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் நெளிய ஆரம்பித்தது. வாய்கள் கத்தின. "சத்தம்! சத்தத்தை வை!" என்று உதட்டில் படித்தேன். எல்லாரும் கிளாரியின் முதுகைப் பார்த்துக் கத்தினார்கள். கிளாரிக்கு எப்படிக் கேட்கும்? அவர் நிம்மதியாகக் கேக் தின்றுகொண்டிருந்தார். பிறகு யாரோ அதைப் புரிந்துகொண்டு சிரித்தார், சிரிப்புப் பரவியது.

மேவிஸ் முன்னால் வந்து, தன் கரகரத்த குரலில் சொன்னாள். சிட்னியிலிருந்து எங்களோடு வந்திருந்த தெல்மா, என் பக்கத்தில் இருந்து தன் அரைகுறைச் சைகையில் அதை எனக்குச் சொன்னாள்.

"நீங்க இப்பப் பார்த்ததுதான் ஆட்ரி வீட்டுத் தொலைக்காட்சி. அதை வாங்கின நாள்லேருந்து அவ இப்படித்தான் பார்க்கறா. இனி மீதிப் படத்தை அவ எப்படிப் பார்க்கணும்னு ஆசைப்படறாளோ, அப்படிப் பாருங்க."

கிளாரி கேசட்டை மாற்றினார். சத்தம் இல்லை, எழுத்து இருந்தது. ஆட்டுத் திருடன் போலீஸ்காரரிடம் வந்தான். "மாமியார்ங்க. வெயில் ஆகாது அவங்களுக்கு." கூடமே குலுங்கியது. காதுக்காரர்களும் நாங்களும் ஒரே நொடியில் சிரித்தோம். லெஸ் நாற்காலியை விட்டு எழுந்து திரும்பி, தன் ஊர்க்காரர்கள் சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் படம் மறந்தே போயிற்று.

படம் முடிந்ததும் பெல்லிங் எழுந்தார். ஏதோ நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் அவர் வாய் திறக்கும் முன்பே பின்னால் ஒரு முதியவர் கை தூக்கினார். வாழ்நாள் முழுவதும் ஆட்டு ரோமம் வெட்டும் கொட்டகையில், இயந்திரச் சத்தத்தில் வேலை செய்தவர்.

"எனக்கும் இது வேணும்" என்றார் அவர். "பத்து வருஷமா என் வீட்டுல எல்லாரும் சிரிக்கறப்ப நானும் சும்மா சிரிச்சுவச்சுக்கிட்டிருக்கேன்."

பெல்லிங் திகைத்துப் போனார். அந்த முதியவர் அவருடைய அப்பா.

"அப்பா, நீங்க சொன்னதே இல்லையே!"

"நீ கேட்டதே இல்லையே!"

அதற்குப் பிறகு கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. டிராக்டர் ஓட்டிக் காது மந்தமானவர்கள், போரிலிருந்து வந்தவர்கள், கணவனின் சத்தமான தொலைக்காட்சியால் தலைவலி பிடித்த மனைவிமார்கள். ஆட்ரி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, தன் ஊரில் தனக்கு இத்தனை சொந்தக்காரர்களா என்று என்னிடம் கேட்டாள். பெல்லிங் அந்தக் கைகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, தன் கையையும் தூக்கினார்.

இயந்திரம் வருவதற்குள் கோதுமை அறுவடை முடிந்துவிட்டது. எழுத்து வருகிற முதல் நாள் மேவிஸ், கிளாரி, நான் மூவரும் ரயிலேறி விர்ரபில்லா போனோம். ஆட்ரி புதுத் தொலைக்காட்சிக்கு எதிரே நல்ல உடை உடுத்தி உட்கார்ந்திருந்தாள். பொத்தானை மேவிஸே அழுத்த வேண்டும் என்றாள். மேவிஸ் மறுத்துவிட்டாள். "உன் வீடு. உன் நிலையம். நீயே அழுத்து."

ஆட்ரி அழுத்தினாள். சமையல் நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அடியில் எழுத்து வந்தது: "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்."

ஆட்ரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். எங்கள் கைதட்டல் அப்படித்தான். ஐந்து பேரும் வெங்காயத்துக்குக் கைதட்டினோம். ஆட்ரி மேவிஸைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. விட்டதும், "இனிமே எனக்குக் கேசட் அனுப்பாதடி, வேணாம்" என்றாள். மேவிஸ் வாழ்க்கையில் யாரும் அவளுக்கு இவ்வளவு நல்ல செய்தி சொல்லியிருக்கமாட்டார்கள். முகம் அப்படி மலர்ந்தது.

அதற்குள் லெஸ் நிலையத்தை மாற்றிவிட்டார். பெல்லிங்கைப் பார்த்து மறுநிலையமும் எழுத்து வைத்துவிட்டது. அங்கே குதிரைக்காரன் படம்.

"ஏய், வெங்காயம் வதங்கிக்கிட்டிருக்கு! திருப்புய்யா!"

"வெங்காயம் வதங்கறதுக்கு எழுத்து எதுக்குடி? பார்த்தாலே தெரியாதா?"

"எனக்கு எந்த அளவு உப்புன்னு தெரியணும்!"

"இவன் யாரைச் சுடப்போறான்னு எனக்குத் தெரியணும்!"

நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் தொலைக்காட்சிக்காக அவர்கள் போட்ட முதல் சண்டை அது. கிளாரி லெஸ் பக்கம் சேர்ந்துகொண்டார். நான் வெங்காயத்தின் பக்கம். மேவிஸ் யார் பக்கமும் சேராமல், காலை நீட்டி நாற்காலியில் சாய்ந்து, எங்கள் எல்லாருடைய கைகளும் காற்றில் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.